இரண்டு சீப்பு

நாய்க்கு முடி வாரும் கம்பிச் சீப்பு
இரண்டு வேண்டும் என்றேன்.
எத்தனை நாய் வச்சிருக்கீங்க,
பிராட்வே கடைக்காரர் கேட்டார்.
நாய் இல்லை, ஆடு.
அதுவும் முழு ஆடு இல்லை,
உள்ளே இருந்ததை யாரோ தின்றாயிற்று.

புளியந்தோப்புத் தோல் கிடங்கில்
கத்தரித்துக் குவித்ததைக்
கோணியில் மிதித்து அமுக்கிக் கொடுத்தான் தணிகாசலம்.
நம்ம பக்கத்துச் செவலைக்கு இது கிடையாதாம்,
அதுக்கு வெறும் முடிதான்.
இது அனந்தப்பூர் லாரியில் வந்த கறுப்பு.
ஷேர் ஆட்டோவில்
இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.
எர்ணாவூர் வரைக்கும்
மகாராணி மாதிரி வந்தேன்.

கழுவும்போதுதான் வழக்கு.
தண்ணி லாரி ஒன்றுவிட்டு ஒருநாள்,
வீட்டுக்கு எட்டுக் குடம்.
மூன்றை ஆட்டுக்கு ஊற்றினேன்.
கசக்கக் கூடாது,
கசக்கினால் கெட்டிப்பட்டு மிதியடி.
ஊறவிட்டு, அமுக்கி, தூக்க வேண்டும்.
முதல் தண்ணி டீ.
இரண்டாவதும் டீ, பால் கொஞ்சம் தூக்கல்.
மூன்றாவதை ஜெயசீலி பார்த்துவிட்டாள்.

மாடிக்குச் சண்டைக்கு வந்தவள்
கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள்.
கேட்டுக்கொண்டே குனிந்து
ஒரு மருளூமத்தைக் காயைப் பிடுங்கினாள்.
பிறகு இன்னொன்று.
எந்தக் காட்டுக்குள்ள பூந்துச்சோ சனியன் என்றாள்,
ஒரு கற்றையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு.
மூன்று மகள்களுக்குப் பேன் பார்த்த கை.

அனல்மின் நிலையச் சாம்பல் இறங்கும் நேரம்.
வெள்ளையாக இருந்தால் தெரிந்திருக்கும்.

இடதுகைச் சீப்பில் ஏற்றி
வலதுகைச் சீப்பால் நுனியை மட்டும் தொட வேண்டும்.
பல்லோடு பல் மோதினால் தப்பு.
சர்க். சர்க்.
நான்காம் இழுப்பில் சிக்கு விடும்.
எட்டாவதில் எல்லா இழையும் ஒரே பக்கம் நிற்கும்,
யாரும் நடுவில் நுழையாத
ரேஷன் வரிசை.
புறங்கையில் இரண்டு கீறல்.
ஆனால் விரலில் ஏறிய கொழுப்பு,
ஃபைபர் படகுக்குப் பதினோரு வருஷம்
உப்புத்தாள் தேய்த்த வெடிப்புகளுக்குள்
கேட்காமல் போய் உட்கார்ந்தது.
எந்தக் களிம்பும் இவ்வளவு தூரம் போனதில்லை.

கடைசிக் கற்றையில் சிவப்பு.
முதுகில் தீட்டிய சந்தை பெயின்ட்,
எவருடைய ஆடு என்ற கணக்கு.
மூன்று குடத்துக்கும் அசையவில்லை.
கத்தரிச்சுப் போடு என்றாள் ஜெயசீலி.
சீப்பில் ஏற்றினேன்.
வார வார உடைந்து, பொடிந்து
மடியில் கொஞ்சம் உதிர்ந்தது.
மிச்சம் கறுப்புக்குள் எங்கேயோ.

உருட்டி எடுத்ததை
உள்ளங்கையில் வைத்தேன்,
சுருட்டு நீளம், எடையே இல்லை.
ஜெயசீலி மூக்கருகே கொண்டுபோனாள்.
மூன்று குடம் தண்ணி, என்றாள்.
இன்னும் ஆடுதான்.