பாக்கி இல்லை

ஸ்டுட்கார்ட்டில் அப்போது மத்தியானமாம்.
ஓசூரில் நான் நர்சரியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரு லெட்டர் வேணும்.
வாடகை பாக்கி எதுவும் வைக்கலைன்னு
பழைய ஓனர் எழுதித் தரணுமாம்.
இல்லன்னா இங்க எவனும் வீடு தரமாட்டான்."

எந்த மாசமும் நான் ரசீது தந்ததில்லை.
ஐந்தாம் தேதி போனில் பணம் விழும் சத்தம்.
ஆறாம் தேதி படிக்கட்டில் நின்று
மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவேன் என்று கத்துவேன்.
அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.
முத்திரைத்தாளில் இருந்தது பதினோரு மாதம்,
ஓடியது மூன்று வருஷம்.

முப்பத்தொரு வீடு பார்த்துவிட்டானாம் ஃபயாஸ்.
இரண்டு அறைக்கு நாற்பது பேர் வரிசையாம்,
பனியில், சம்பளச் சீட்டைக் கையில் பிடித்தபடி.
முழுப்பெயரைப் படித்ததும்
சொல்லி அனுப்புகிறோம் என்பார்களாம்.
"நம்ம பாகலூர் ரோடு மாதிரியேதான்க்கா."
சிரித்தான்.
அந்தச் சிரிப்பு இங்கே வந்துசேர ஒரு நொடி ஆனது.
நான் சிரிக்க இன்னும் கொஞ்சம்.

அன்றைக்கு எங்கள் தெருவில்
ஏழு கேட்டில் 'வாடகைக்கு' தொங்கியது.
ஏழிலும் பெயரைக் கேட்டார்கள்,
ஏழிலும் அதற்குள் ஆள் வந்துவிட்டிருந்தது.
எட்டாவது கேட் என்னுடையது.
நான் கொடுத்தேன்.
கொடுத்ததை இன்றுவரை
யார் யாரிடமெல்லாமோ சொல்லியிருக்கிறேன்.
சொல்லாதது:
மற்றவர்களுக்கு ஐந்து மாத அட்வான்ஸ்,
அவனுக்குப் பத்து.

அங்கே சமையலறை காலியாக இருக்குமாம்.
அடுப்பு, மேடை, தண்ணித்தொட்டி
எல்லாவற்றையும் குடியிருந்தவர்
கழற்றி வண்டியில் ஏற்றிப் போய்விடுவாராம்.
சுவரில் குழாய் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்குமாம்.
அவன் சொல்லச் சொல்ல
நான் எங்கள் மாடிவீட்டை நினைத்துக்கொண்டேன்.
புகை என்று நான் முணுமுணுத்த மறுநாளே
அவன் காசில் வாங்கி மாட்டிய விசிறி
இன்னும் அங்கேதான் சுற்றுகிறது,
இப்போது இருப்பவர்களின் தாளிப்பை வெளியே தள்ளிக்கொண்டு.

ராயக்கோட்டை ரோட்டு டிடிபி கடையில்
புட்டராஜ் இங்கிலீஷில் தட்டினான்.
"வேற என்ன சேர்க்கணும்க்கா?"
நல்ல பையன்னு போடு என்றேன்.
"அது கேரக்டர் சர்டிபிகேட்.
தனி லெட்டர். இருபது ரூபா ஆகும்."
சரி, அதையும் தட்டு.

சீல் இல்லாவிட்டால் ஜெர்மனிக்காரன் நம்பமாட்டானாம்.
பையைத் துழாவினேன்.
நாகவேணி ரோஸ் நர்சரி, மத்திகிரி,
ஓரத்தில் ஒரு ரோஜாவோடு
கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தினேன்.
புட்டராஜ் அதைப் போட்டோ எடுத்துத் தட்டிவிட்டான்.

வரும் வழியில், சிப்காட் பஸ் நெரிசலில் நின்றபடி,
தமிழில் எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்:
இவர் எனக்குத் தரவேண்டியது எதுவும் இல்லை.
நிஜம்தான்.
கொரோனா மாசத்தில்கூட
பாதிச் சம்பளத்தில் முழு வாடகை போட்டவன்.

ஆனால் காலி செய்த நாளில்
பெயின்டிங் என்று பதினெட்டாயிரம் பிடித்தேன்.
பெயின்ட் அடிக்கவில்லை.
அடுத்து வந்தவர்களுக்கு
ஹாலின் அந்தப் பச்சை பிடித்துவிட்டது.
அவனுக்கு அது தெரியாது.
தெரிந்திருக்கலாம்.
பழைய ஓனர் என்ன வைத்திருக்கிறாள் என்று
எந்த நாட்டிலும் லெட்டர் கேட்பதில்லை போல.

ராத்திரி ஜிபேயில் அவன் பெயரைத் தேடினேன்.
பழைய நம்பர் இன்னும் உயிரோடு இருந்தது,
ஷபனா மடியில் குழந்தையோடு
எங்கள் மொட்டை மாடியில் எடுத்த படத்தோடு.
பதினெட்டு போட்டு மூன்று சைபர் அடித்தேன்.
அழித்தேன்.
ஒன்பதாயிரம் அடித்தேன்.
எதற்காக என்று கீழே ஒரு கட்டம் கேட்டது.

மேலே தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது.
துணி காய்கிறதே என்று ஓடினேன்.
எல்லாம் நனைந்துவிட்டிருந்தது.