பதினேழு வளைவு

புரை எடுத்துக் கட்டைப் பிரித்த காலை
வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருந்தது.
இத்தனை வருஷம் பழுப்பையா
உடுத்தித் திரிந்தேன்?

ஒரு மண்டலம் கழித்து ஜீப்பை எடுத்தேன்.
முந்தலில் பதினான்கு பெண்கள்,
ஏலத்தோட்டக் கூலி,
மடியில் தூக்குச்சட்டி.
போடிமெட்டு ஏற்றத்தில்
வளைவுக்கு வளைவு பலகை உண்டு.
நான் வாசித்ததில்லை.
கை எண்ணிக்கொள்ளும்.

நேர்கோடு ஒன்று கிடந்தால்தானே அந்தப் பாதையில்
கோடு வளைந்தது தெரியும்?

மூன்றாம் மாதம்,
மெட்டுச் சாவடியில்
சிவப்பும் வெள்ளையுமான குறுக்குக்கம்பு
நடுவில் தொய்ந்திருந்தது,
ஈரப்போர்வை காயும் கொடிபோல.
"எவனோ இடிச்சுட்டான்."
ஒச்சம்மா எட்டிப் பார்த்தாள்.
"நேராத்தானய்யா நிக்குது."
அந்தப் பக்கத்துக் காவலர் குனிந்து
"எந்தா சேட்டா, உறங்கியில்லே?" என்றார்.
தொப்பி தெரிந்தது, காது தெரிந்தது.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி.

இடது கண்ணைப் பொத்தினேன்: கம்பு நேர்.
வலதைப் பொத்தினேன்.
பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல்
பூப்பாறை வரைக்கும் ஓட்டினேன்.
அதை இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

தேனியில் டாக்டர் ஷெரின்
கட்டம் போட்ட தாளை நீட்டி
"நடுப்புள்ளியப் பாருங்க" என்றார்.
புள்ளி இல்லை.
"வச்ச லென்ஸ் நல்லாருக்கு. பின்னால
விழித்திரையில நீர் கோத்திருக்கு. சர்க்கரை."
ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கும் முன்
இரண்டு நாள் கஞ்சித் தண்ணியில் கிடந்து
எண்ணைச் சரிக்கட்டியவன் நான்.
"மூணு மாசக் கணக்க ஏமாத்த முடியாதுங்க."
முடியவில்லை.
பூப்பாறைச் சாயா ஒவ்வொன்றும்,
மூன்று கரண்டி வீதம்,
அந்தத் தாளில் ஏறியிருந்தது.

ஊசி கண்ணுக்குள்ளேயே.
"அசையாதீங்க."
இடது கை கியரைத் தேடிற்று.

இரண்டு ஊசி ஆயிற்று. இன்னும் ஒன்று.
மருதையன் ஓட்டுகிறான்.
மூட்டை தூக்கப் போகிறேன்,
பின்னால், பதினைந்தாவது ஆளாக.
இருட்டில் முணுமுணுப்பு கேட்டது:
எட்டு… ஒன்பது…
பத்தில் வண்டி குலுங்க
யாரோ என் முழங்காலைப் பிடித்தார்கள்.
"தெனமுமா எண்ணுவீக?"
"நீ ஓட்டுறப்பவும்தான்" என்றாள் ஒச்சம்மா.
"பதினேழு வந்தாத்தான் வெத்தலையே வாயில போடுவோம்."

மெட்டில் வண்டி நின்றது.
"இப்பச் சொல்லு, கம்பு எப்படி?"
நேர் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"கொஞ்சம் தொய்வுதான், ஒச்சம்மா."