திங்கட்கிழமைப் பானை

போர்ட்டோவில் திங்கட்கிழமை
உணவகங்கள் மூச்சுவிடும் நாள்.
நாற்காலிகள் மேசைமேல் தலைகீழாய்க் கிடக்க
ஸுல்மிராவின் மீன் கடைக்குள்
ஏழு பேர் நுழைந்தோம்.
பின்கதவு வழியாகத்தான்;
முன்கதவுச் சாவி அவள் கணவனிடம் இருந்தது.

இடாலினா முழங்கை மாவோடு வந்திருந்தாள்.
கிராசியேத்தே, விடுதி வரவேற்பில் பதினாறு வருடம்,
சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது என்றாள்.
நாங்கள் சிரித்தோம்,
பிறகு நிறுத்திக்கொண்டோம்.

ஒயின் ஊற்றுபவள் நான்.
முதல் சொட்டு ஆணின் கோப்பைக்கு என்று
சொல்லித்தந்திருந்தார்கள்.
தோட்டத்தின் சரிவு, அடியில் கல், அந்த வருடத்து மழை
எல்லாம் என் நாக்குக்குத் தெரியும்.
பக்கத்தில் நின்று ஊற்றுகிறவனின் சம்பளம் மட்டும்
தெரியாது.

யாருடைய யோசனை என்று இன்றைக்கும் சண்டை:
ஆர்டர் சீட்டின் பின்பக்கம்
பெயர் போடாமல் சம்பளத்தை எழுதி
சூப் பானைக்குள் போடுவது.
ஏழு சீட்டு.
அகப்பையால் கிளறி எடுத்து வாசித்தாள் ஸுல்மிரா.
நாலாவது எண்ணுக்குப் பிறகு
குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.
யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
இடாலினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜன்னலில் மூடுபனி தவிர ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் முதலாளியின் அறைக்குப் போனாள்,
கையில் கேக் தட்டு இல்லாமல்
முதல்முறையாக.
நூற்று எண்பது யூரோ கூடியது.
எங்களுக்கு வந்த செய்தியில் எழுத்தே இல்லை,
அந்த எண் மட்டும்.

பதினொரு வருடம்.
இப்போது நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
சங்கத்துக்குப் பெயர் உண்டு, முத்திரை உண்டு,
கழுத்தில் தொங்க அட்டை உண்டு.
வயிறு தெரியத் தொடங்கியதும் வேலை போனவளுக்கு
வக்கீல் உண்டு.
இடுப்பில் கைவைத்த சமையல்காரன்
அடுத்த சமையலறைக்குப் போய்ச் சேருமுன்
எங்கள் போன் போய்ச் சேர்ந்துவிடும்.
இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.
கிராசியேத்தே இன்று ஒரு விடுதியின் மேலாளர்;
சிரிப்பதும் சிரிக்காததும் அவள் இஷ்டம்.

போன மாதம் ஆண்டு விழா.
ஆற்றோரம் பழைய ஒயின் கிடங்கு,
மேடை, மைக், இரவல் விளக்குகள்.
முன்னேற்றம் பற்றி ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள்.
நல்ல பேச்சு.
என் கோப்பை காலியானதும்
ஒரு கை வந்து எடுத்துப் போனது.
ஏனோ
அந்தக் கையின் பின்னால் போனேன்.

திரைக்கு அப்பால் பென்விந்தா.
கேப் வெர்டேக்காரி.
காலையில் பதினேழு அறைகளுக்குப் படுக்கை விரித்துவிட்டு
மாலையில் எங்கள் கோப்பைகளுக்கு வந்திருக்கிறாள்.
ஏஜென்சி அனுப்பியது, மணிக்கணக்குக் கூலி.
உள்ளே என்ன விசேஷம் என்று கேட்டாள்.
சொன்னேன்.
சொல்லச்சொல்ல என் குரல் நீர்த்துப் போனது.
"சந்தா எவ்வளவு?"
அதையும் சொன்னேன்.
ஒரு கோப்பையை விளக்குக்கு எதிரே தூக்கி
உதட்டுச் சாயம் போயிற்றா என்று பார்த்தாள்.
"எனக்கு அது ரெண்டு நாள்."

நாங்களும் ஒரு பந்தி போட்டு
வாசலில் ஆள் நிறுத்தியிருக்கிறோம்.

சந்தா பற்றிய விவாதம் மூன்று மணி நேரம் நடந்தது.
இரண்டு பேர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.
ஒருத்தி என் நெடுநாள் தோழி.
இன்னும் பேசவில்லை.

இந்தத் திங்கள் ஸுல்மிரா முன்கதவையே திறந்தாள்.
பானையில் குடைகள் இருந்தன;
கொட்டிவிட்டுத் துடைத்தாள்.
பென்விந்தா நான்கு பேரோடு வந்தாள்.
ஒருத்தி தோளில் குழந்தை தூங்கியது.
சீட்டுகள் விழுந்தன.
அகப்பை கிளறியது.
ஸுல்மிரா முதல் எண்ணை வாசித்தாள்.

குளிர்பெட்டியைப் போன வருடம் மாற்றிவிட்டார்கள்.
புதியது சத்தம் போடுவதில்லை.
ஒளிந்துகொள்ள
ஒரு உறுமல்கூட இல்லாமல்
உட்கார்ந்திருந்தோம்.