ஆறாவது லைன்

பொம்மனஹள்ளி. காலை எட்டே முக்கால்.
ஐந்தாவது லைனில் தலைக்கு மேல் புதுத் தண்டவாளம்.
கொக்கியில் தொங்கியபடி சட்டைகள் தாமே வருகின்றன,
காலர் தைப்பவளிடம் ஒரு கணம் நிற்கின்றன, போகின்றன.
இனி மூட்டை இல்லை, முடிச்சு இல்லை,
"பண்டல்! பண்டல்!" என்று தொண்டை கிழிய வேண்டியதில்லை.

என்னிடம் ஸ்டாப்வாட்ச், அட்டை, பென்சில்.
முன்பு மணிக்கு நாற்பத்தொன்று.
இப்போது நாற்பத்தெட்டு.
கூடிய ஏழு சட்டைகளை முதலாளியின் மருமகன்
பிள்ளைக்கு முளைத்த முதல் பல்லைப் போல
வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

ஒப்பிட ஆறாவது லைனை வைத்திருந்தேன்.
பழைய மூட்டை, பழைய முடிச்சு.
"எதுவும் மாறாதது" என்று
அட்டையின் தலைப்பில் எழுதியதும் நான்தான்.
அது
நாற்பத்தாறுக்கு ஏறியிருந்தது.

வாட்ச்சை மாற்றிப் பார்த்தேன்.
நான் நிற்பதால்தான் கை பறக்கிறதோ என்று
இஸ்திரி மேஜைக்குப் பின்னால் ஒளிந்து எண்ணினேன்.
"மேடம், செருப்பு தெரியுது" என்றாள் தேவகிருபை,
தங்கவயல்காரி, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

நாலாம் நாள்தான் பார்த்தேன்,
முனிரத்னாவையும் ஷாஹீனையும்.
ஐந்தில் மூட்டை சுமந்தவர்கள்.
தண்டவாளம் வந்த அன்று
போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.
நாலடி நகர்ந்து ஆறாவது லைனில்
நூல் வெட்டுகிறார்கள், காலர் புரட்டி அடுக்குகிறார்கள்.
எந்த ஏட்டிலும் ஏறாத நான்கு கைகள்.

எழுதினால்
தண்டவாளத்தின் ஏழு சுத்தமாக நிற்கும்,
இவர்கள் இருவரும் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள்.
எழுதாவிட்டால் ஏழில் ஐந்து போய் மிச்சம் இரண்டு.
இரண்டு சட்டைக்கு இவ்வளவு இரும்பா என்பார் மருமகன்,
மற்ற லைன்களுக்கான ஆர்டர் நிற்கும்.
அதில் எனக்கென்ன நஷ்டம்?
ஆனால் இயந்திரம் பொய் சொல்லவில்லை.
அதன்மேல் பழி போடவும் கை வரவில்லை.

சாப்பாட்டு மணியில் ஷாஹீன் புளிசாதத்தை என் பக்கம் தள்ளி
விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்:
ஐந்து வருஷம் முடிய இன்னும் பதினேழு நாள்,
அதற்கப்புறம் கிராஜுவிட்டி உண்டு.

மாலை அறிக்கையில் எழுதினேன்:
"ஆறாவது லைனின் உயர்வுக்குக் காரணம்
இன்னும் உறுதியாகவில்லை.
மேலும் மூன்று வாரம் அளக்க வேண்டும்."
மருமகன் இருமுறை படித்தார்.
"உங்கள் படிப்பே இப்படித்தான்" என்று கையெழுத்திட்டார்.

முனிரத்னா சேர்ந்து பதினோரு மாதம்.
அவளுக்கு எத்தனை வாரம் அளப்பது,
தெரியவில்லை.
நாளைக்கும் எட்டே முக்காலுக்கு
செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நிற்க வேண்டும்.