சுவரிலிருந்து ஒரு சாண்

வால்திவியாவில் ஜூன் மாதம்
மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.

தெற்குச் சுவரில், அலமாரிக்குப் பின்னால்
பூத்திருந்தது பூசணம்.
நனைந்த செய்தித்தாளின் வாடை அதற்கு.
வீட்டுக்காரர் அன்செல்மோ வந்தார்,
வெள்ளையடித்தார்,
வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.
மூன்றாம் வாரம்
வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது
பென்சில் முனையளவு கறுப்பு.

தாமியானுக்கு விடிந்தால் தும்மல்.
பதினேழு.
எண்ணுவதும் அவன்தான்.
பதினெட்டானால் பள்ளிக்கூடம் இல்லை
என்பது எங்கள் ஒப்பந்தம்.

மருத்துவமனையில் அந்தப் பெண் கேட்டாள்:
"துணி எங்கே காயப்போடுகிறீர்கள்?"
நான் ஊசிக்கு அல்லவா தயாராகப் போயிருந்தேன்.

விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டியது நான்.
அவன் சீருடை, நெல்சனின் மீன்சந்தை அங்கி,
மூன்று போர்வை உறை.
கூரை தடுத்த மழையை
வாளி வாளியாக நானே
உள்ளே கூட்டி வந்து
ஆவியாக்கி விட்டிருக்கிறேன்.

அன்றிரவு கயிறு விறகுக் கொட்டகைக்குப் போனது.
முகக்கவசம் போட்டுச்
சோப்புத் தண்ணீரில் சுவரைத் தேய்த்தோம்,
துடைத்தோம், உலர விட்டோம்.
அலமாரியை ஒரு சாண் முன்னே இழுத்தோம்.
காலையில் பத்து நிமிடம்
எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கிறேன்.
"விறகுக் காசு பறக்கிறது" என்கிறான் நெல்சன்,
கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து.
பறக்கட்டும்.
ஒழுகும் கூரை மூலைக்காக அன்செல்மோவுக்கு
நான்காவது கடிதம் எழுதியாயிற்று.

இன்று தாமியானுக்கு நான்கே தும்மல்.
மீதிப் பதினாலையும்
போர்வைக்குள் நடித்துக்கொண்டிருக்கிறான்.