எட்டு மதிப்பெண்

முர்டோ டனீடன் போயிருந்தான்,
ஊரார் கார்களுக்கு மதிப்பெண் போட.
நான் எங்கள் காரின் பானெட்டைத் திறந்தேன்.
ஐம்பத்தெட்டாம் வருஷத்து மோரிஸ் மைனர், சாம்பல் பச்சை.
அதற்கு அவன் வைத்த பெயர் ஒன்று உண்டு,
எனக்கு வைத்ததைவிடச் செல்லமானது.
அதை இங்கே சொல்வதாக இல்லை.

டைனமோவுக்கு மூன்றே போல்ட்.
கடைசி போல்ட் அரைமணி நேரம் கேட்டது,
இரண்டு விரல் தோலையும் கேட்டது.
கையில் வாங்கினால் கனம்,
ஈஸ்டருக்கு வாங்கும் ஆட்டுத்தொடை மாதிரி.
உள்ளங்கை முழுக்கக் கரித்தூள்.

அதன்மேல் கோபமில்லை எனக்கு.
ஓடினால் கூலி, நின்றால் பட்டினி,
அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.
ஆனால் நான் ஓட்டுவது இரவில்.
பால்பவுடர் ஆலையில் பத்துமணி ஷிப்ட்.
மகரேவா ரயில்வே கேட்டில்
சரக்கு வண்டி நாற்பது பெட்டியும் போகும்வரை நிற்க வேண்டும்.
நின்றதும் சிவப்பு விளக்கு கண் விழிக்கும்.
ஹெட்லைட் மஞ்சளாகி, பழுப்பாகி,
மழையில் ஒரு டீக்கறை அளவுக்குச் சுருங்கும்.
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசிக்கும்.
தெற்கிலிருந்து வருவதுதான் எங்களுக்கு வாடை.
ஆனாலும் ஹீட்டரைத் தொட்டால் போச்சு, எல்லாம் அணையும்.
ஆடுகிற மாட்டை ஆடிக் கறப்பதுபோல்
கியர் போடாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து
சொட்டுச் சொட்டாய் வெளிச்சம் கறந்திருக்கிறேன்,
பதினோரு குளிர்காலம்.

ஆல்டர்னேட்டர், கவிழ்ந்துபோன ஒரு ஜப்பான் காருடையது.
காயலான்கடை ரெவி நாற்பது டாலர் என்றான்.
எந்தக் காருக்கு என்று சொன்னதும்
முப்பதுக்கு இறங்கினான்,
"நான் விற்றதாக முர்டோவுக்குத் தெரிய வேண்டாம்."
டைனமோ கூட்டுக்குள் ஒளித்த ஆல்டர்னேட்டரும் கிடைக்குமாம்,
நடுவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாலும் தெரியாதாம்.
எழுநூறு டாலர்.
யோசித்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே யோசித்தேன்.
பிறகு முப்பதை எண்ணிக் கொடுத்தேன்.

வாஷர் அடுக்கிப் புல்லியை நேராக்குவது சுலபம்.
பேட்டரியைத் திருப்பிவைக்கத்தான் கை தயங்கியது.
பிறந்த நாள்முதல் இந்தக் காரின் உடம்பு,
கதவு, பம்பர், அவன் துடைத்துத் துடைத்து மெலிந்த கைப்பிடி
எல்லாமே நேர்முனையோடு கட்டுண்டவை.
இனி எதிர்முனையோடு.
ஸ்டார்ட்டருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.
பெட்ரோல் பம்ப் கவனிக்கவே இல்லை.
ரேடியோவுக்கு மட்டும் ஆகாது, கருகிவிடும்,
வயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றினேன்.
காயிலின் இரண்டு வயர்களும் இடம் மாறிக்கொண்டன.
கடைசிக் கேபிளை வைக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
சின்னதாய் ஒரு பொறி.
அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை அவன் வந்தான், பார்த்தான்.
டீ ஆறும்வரை பார்த்தான்.
"எட்டு மதிப்பெண் போச்சு" என்றான்.
"ரேடியோவுக்கு இரண்டு, பத்தாகப் போடு" என்றேன்.
டைனமோவைப் பழைய துண்டில் சுற்றிக்
கட்டிலுக்கடியில் வைத்தான்.
என் பக்கம்.

செவ்வாய் இரவு, விரலில் கட்டோடு நான்,
ஓட்டியது அவன்.
கேட் விழுந்தது. மழை.
பழக்கத்தில் அவன் கால் உறுமவைத்தது,
ஒருமுறை, இரண்டுமுறை.
சிவப்பு விளக்கு எரியவில்லை.
போகிற பெட்டிகளின் எண்கள் தெரிந்தன,
எண்களைத் தின்னும் துரு தெரிந்தது,
ஏதோ ஒரு பெட்டியில் யாரோ சாக்பீஸில் எழுதிய
"டினா" தெரிந்தது.
பதினேழாம் பெட்டியில் காலை எடுத்தான்.
வைப்பர் தன்பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது.
முப்பதைத் தாண்டியபோது,
என்னைப் பார்க்காமல், ஒன்றும் பேசாமல்
கையை நீட்டி
ஹீட்டரைப் போட்டான்.

பதினோரு வருஷத் தூசி
முகத்தில் அடித்தது.
இருவரும் தும்மினோம்.