உச்சு

மெரிபேங்கில் காற்று திசை மாறினால்
சன்னலைச் சாத்திவிடுவேன்.
புகைபோக்கியோடு எனக்கு வழக்கில்லை,
முப்பத்தோரு வருஷம் காகித ஆலையில்
சம்பளம் வாங்கியவன்தான் நானும்.

குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி.
கெட்டில், சீனி டப்பா, சட்டைகள்
எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டன.
குனிந்து லேஸ் கட்டுகிற ஷூவை
மருமகன் சிவலிங்கத்துக்குக் கொடுத்தாயிற்று.
ஒரு சைஸ் பெரிது. போட்டுக்கொண்டு திரிகிறான்.

வாசலுக்குப் பதினேழு படி.
ஐந்தாவதில் நிற்பேன்,
சுடுதேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து
இழுத்ததைவிட மெதுவாக விடுவேன்.
பதினொன்றாவதில் மறுபடி.
அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன்
பக்கத்து வீட்டு மோகாம்பரியின் பூனைக்கு
ஒரு கண் பச்சை, ஒரு கண் மஞ்சள்.

மோகாம்பரி என்னைப் பார்த்தால் உச்சுக் கொட்டுவாள்.
அந்தச் சத்தத்துக்குப் பயந்தே
ஒரு மாசம் படியிறங்காமல் கிடந்தேன்.

கிளினிக்கில் மூச்சுப் பயிற்சி தருகிற தண்டேக்கா
நான் சுவரோரம் நடக்கையில் கூடவே வருவாள்:
கன்சானே, கன்சானே.
ஜூலுவில் அது மெல்ல மெல்ல.
நடுவிலே வருகிற அந்த 'ச' இருக்கிறதே,
நாக்கைப் பல்லில் ஒட்டி உரிக்கிற
அதே உச்சு.
அதற்கு மூச்சே வேண்டாம்,
சொல்லிப் பாருங்கள்.
நெஞ்சு சும்மா இருக்க
நாக்கே பார்த்துக்கொள்கிறது.

இன்று பதினொன்றாம் படியில்
மோகாம்பரி கொட்டினாள்.
நானும் திருப்பிக் கொட்டினேன்,
இரண்டு தரம்.

அவள் விழித்தாள்.
தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று
பூனை வந்து காலை உரசியது.

இன்னும் ஆறு படி.
அவசரமில்லை.